அக்காவின் தலைவலியும் 1995 நவம்பர் தீர்ப்பும்

காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், போன வாரம் பாதி வழியில் நின்றுவிட்டார். "அண்ணாச்சி, டாக்டர் மேல நஷ்டஈடு கேஸ் போட்டா நிக்குமா?" என்றார். அவருடைய சம்பந்தியம்மாவுக்குத் திடீரென்று கடுமையான தலைவலி வந்திருக்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, பட்டை போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் கழித்து மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, இப்போது படுக்கையில் இருக்கிறார்.

எனக்கு இதில் ஐந்து வருட அனுபவம் உண்டு என்று அவருக்குத் தெரியும். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அதுதான் இது.

முன்கூட்டியே ஒன்று. நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன். ஒரு தாளில் எழுதியிருப்பதை மூன்று தடவை படிக்கும் பழக்கம் அங்கே வந்தது. அப்படிப் படித்தும் ஒரு தாளில் ஒரு வரியை நான் தவறவிட்டேன். அதையும் இங்கே சொல்லத்தான் போகிறேன்.

1993 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. என் அக்காவுக்கு அப்போது 44 வயது. அத்தான் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்த்தார். அக்கா வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். பொங்கல், தீபாவளி என்றால் ராத்திரி பன்னிரண்டு வரை மிஷின் ஓடும். வீட்டு வருமானத்தில் பாதி அதில் இருந்துதான் வந்தது.

அன்று பகல் பதினோரு மணி இருக்கும். தைத்துக்கொண்டிருந்தவள், பின்மண்டையில் யாரோ உலக்கையால் போட்ட மாதிரி இருந்தது என்று தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். மூன்று தடவை வாந்தி. சாயங்காலம் நான் அலுவலகத்தில் இருந்து வந்ததும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "தம்பி, இது வழக்கமா வர்ற தலவலி இல்லடா."

நாங்கள் போனது ஊரில் பேர் பெற்ற ஒரு தனியார் நர்சிங் ஹோம். டாக்டர் நல்ல மனிதர். ராத்திரி எந்நேரம் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். "என்னம்மா செய்யுது?" என்று அக்காவைத்தான் கேட்டார். அவளால் சரியாகப் பேச முடியவில்லை. நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். தலைவலி, வாந்தி, கழுத்து வலி என்றேன். கூடவே, "இவளுக்கு அடிக்கடி தலவலி வரும் சார், ராத்திரி பகலா தைப்பா" என்றும் சொன்னேன். ஒற்றைத் தலைவலி என்று ஒரு ஊசி போட்டு, மூன்று நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பீஸ் 30 ரூபாய், ஊசிக்கு 15 ரூபாய். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தலைவலி குறைந்த மாதிரி இருந்தது. முழுசாகப் போகவில்லை. ஆறாவது நாள் கொல்லைப்புறம் போனவள் அங்கேயே விழுந்தாள். கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "தலைவலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். ஆறு நாளைக்கு முந்தி என்றோம். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கே முதல் கசிவு வந்திருக்கு" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா பிழைத்தாள். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. சொல்வது புரியும், பதில் வராது. தையல் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்தோம்.

அது என்ன வியாதி என்பதை நான் அதற்கப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் ஒரு வளையமாகக் கூடுகின்றன. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட நூலில் அதை விவரித்ததால், இன்றும் வில்லிஸ் வளையம் என்றே பெயர். குழாய்கள் கிளை பிரிகிற இடங்களில் சுவர் பலவீனமாக இருந்தால் அங்கே மெல்லப் புடைக்கும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு இடம் மட்டும் உப்பிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. அன்யூரிசம் என்பது அதுதான். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வெடிப்பதே இல்லை. தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள நீரில் ரத்தம் கலக்கும். தலைவலி நொடியில் உச்சத்துக்குப் போகும். வாந்தி, கண் கூசுதல், சில மணி நேரத்தில் கழுத்து விறைப்பு. முதல் கசிவு சின்னதாக இருந்தால் தானாக அடைபட்டு ஆள் எழுந்து நடமாடுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அடைபட்ட இடம் முதல் சில நாட்களிலோ அடுத்த ஒன்றிரண்டு வாரத்திலோ மறுபடி திறந்துகொள்ளும். இரண்டாவது தடவை பெரும்பாலும் முதலாவதைவிட மோசமாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவம் நடந்து வந்த தூரம் கொஞ்சமில்லை. 1891இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் குயின்கே முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த நீரில் ரத்தம் தெரிந்தால் தலைக்குள் கசிவு என்று ஊகிக்க முடிந்தது. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், மருந்து செலுத்தி மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் தெரியவைத்தார். 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், புடைத்த இடத்தைத் தசைத் துண்டால் சுற்றி அடைத்தார். 1937இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வால்டர் டாண்டி, அதன் கழுத்தில் ஒரு சின்ன வெள்ளி கிளிப்பை மாட்டினார். என் அக்காவுக்குச் செய்ததும் அந்தக் கிளிப் வழிதான்.

நம் பக்கத்துக்கு வந்தால், 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அதற்கு முன்னால் இந்தியாவில் இந்தத் துறையே கிடையாது.

அப்புறம் ஸ்கேன். நம் வீடுகளில் எச்.எம்.வி. இசைத்தட்டு இருந்ததல்லவா, அதற்குச் சொந்தக்காரரான இ.எம்.ஐ. கம்பெனியில் என்ஜினியராக இருந்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் செய்த சி.டி. ஸ்கேன் எந்திரத்தில் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார்கள். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புதிதாகக் கசிந்த ரத்தம் அந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நாள் ஆக ஆக மங்கிவிடும். அப்போது பழைய குயின்கே ஊசிதான் துணை.

இவ்வளவு வந்த பிறகும் தவறுகிறது. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வெளியானது. இந்தக் கசிவோடு வந்த 482 நோயாளிகளில் 56 பேருக்கு முதலில் வேறு வியாதி என்று சொல்லியிருந்தார்கள். அதிகம் சொன்னது ஒற்றைத் தலைவலி, அல்லது டென்ஷன் தலைவலி. அதிகம் நடந்த பிழை, ஸ்கேன் எடுக்காமல் விட்டது. பெரிய எந்திரமெல்லாம் இருக்கிற நாட்டிலேயே எட்டுக்கு ஒன்று தவறியிருக்கிறது. அதனால், தவறவிட்டவர் எல்லோரும் கெட்ட டாக்டர் என்று நான் சொல்லமாட்டேன். சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் கேட்பது வேறு கேள்வி. 1957இல் லண்டனில் போலம் என்பவர் தொடுத்த வழக்கில் அது தெளிவானது. மனநோய்க்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தபோது அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை என்பது குறை. அந்தக் காலத்து டாக்டர்களில் ஒரு சாரார் கொடுப்பார்கள், இன்னொரு சாரார் கொடுக்கமாட்டார்கள். பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு பகுதியினராவது சரியென்று ஏற்கிற முறைப்படி நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்று நீதிபதி விளக்கினார். போலம் தோற்றார். ஆனால் அந்த அளவுகோல் இன்றுவரை நம் நீதிமன்றங்களிலும் இருக்கிறது. 1997இல் வந்த இன்னொரு ஆங்கிலத் தீர்ப்பு, அப்படிச் சொல்லப்படும் மருத்துவக் கருத்து அறிவுக்குப் பொருந்தியதாகவும் இருக்க வேண்டும் என்று சேர்த்தது.

நம் நாட்டில் 1953 மே மாதம் மகாராஷ்டிரக் கடலோரத்தில் 20 வயதுப் பையன் ஒருவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. புணேவில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். போதிய மயக்க மருந்து இல்லாமல் எலும்பை இழுத்துச் சேர்த்ததில் அதிர்ச்சியாகிப் பையன் இறந்துபோனான். அவன் தந்தையே ஒரு மருத்துவர். அவர்தான் வழக்குப் போட்டார். 1968இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நோயாளியை ஏற்கலாமா என்று முடிவு செய்வதில், என்ன சிகிச்சை என்று முடிவு செய்வதில், அந்தச் சிகிச்சையைக் கொடுப்பதில் என்று மூன்று இடத்திலும் டாக்டருக்குக் கவனம் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 3,000 ரூபாய். பதினைந்து வருடம்.

அதனால்தான் சாதாரண ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் போனதில்லை. சிவில் கோர்ட்டில் 3 லட்சம் கேட்டால் அந்தக் காலத்து ஏழரை சதவீதக் கணக்கில் 22,500 ரூபாய் கோர்ட் கட்டணமே கட்ட வேண்டும். என் அத்தானின் ஒரு வருடச் சம்பளம் அவ்வளவு இல்லை.

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டணம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் அந்தச் சட்டத்தில் டாக்டர் வருவாரா? மிக்ஸி ரிப்பேரானால் கேட்கிற மாதிரி ஆஸ்பத்திரியையும் கேட்கலாமா? 1992இல் கேரளத்து வழக்கு ஒன்றில் கேட்கலாம் என்று தேசிய ஆணையம் சொன்னது. அந்தத் தைரியத்தில் எங்கள் வக்கீல் 1994 ஜனவரியில் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனுப் போட்டார். 3 லட்சம் கேட்டிருந்தோம்.

ஒரு மாதம் ஆகவில்லை. பிப்ரவரி 17ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், நோயறிதலும் சிகிச்சையும் இந்தச் சட்டம் சொல்லும் சேவைக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதன் நகலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எங்கள் வழக்கு அப்படியே நின்றது. உச்ச நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது, அது முடியட்டும் என்று தள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் லீவு போட்டுப் போவேன். பேர் கூப்பிடுவார்கள். அடுத்த தேதி சொல்வார்கள். பஸ் ஏறி வருவேன். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பாள். தலையை மட்டும் ஆட்டுவேன்.

1995 நவம்பர் 13. இந்திய மருத்துவக் கழகம் எதிர் வி.பி. சாந்தா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் சேவைதான், நோயாளி நுகர்வோர்தான் என்றது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்கிற இடம் மட்டும் சட்டத்துக்கு வெளியே. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்கிற ஆஸ்பத்திரி என்றால், இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. அலுவலகத்தில் செய்தித்தாளில் அதைப் படித்தேன். நாங்கள் கொடுத்த 30 ரூபாய்க்கு இப்படி ஒரு பலம் வரும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

1996இல் வழக்கு மறுபடி எழுந்தது. எதிர்த்தரப்பு எழுத்துமூலமாகப் பதில் போட்டார்கள். ஊரில் அப்போது ஸ்கேன் வசதி இல்லை. தலைவலி என்று வருகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இந்த வியாதி இருக்காது. எந்த டாக்டரும் இப்படித்தான் செய்திருப்பார். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுத்த பத்தியில் இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நோயாளிக்கு அடிக்கடி தலைவலி வரும் என்று அவருடைய சொந்தத் தம்பியே சொன்னார், அது சீட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

வக்கீல் சீட்டை என் முன்னால் வைத்தார். டாக்டர் கையெழுத்தில் நாலு வரி, ஆங்கிலத்தில். முதல் வரி, சடன் செவியர் ஹெட்ஏக். இரண்டாவது, வாந்தி மூன்று, கழுத்து வலி. மூன்றாவது, பழைய தலைவலி உண்டு, தம்பி சொல்கிறார். நாலாவது, ரத்த அழுத்தம். "ஏன் சார் இத எங்கிட்ட சொல்லல?" என்றார். அந்தச் சீட்டை நூறு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். 'சடன்' என்ற வார்த்தையிலேயே என் கண் நின்றிருக்கிறது. மூன்றாவது வரியை நான் பார்க்க விரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆட்டோவில் அக்கா சொன்னதை அப்போதுதான் வக்கீலிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "பிரமாணப் பத்திரத்துல அத எழுதணும்னு இல்ல. எழுதினா, தெரிஞ்சும் தம்பி மறைச்சான்னு அவங்க பிடிச்சுக்குவாங்க" என்றார். இரண்டு நாள் தூக்கம் இல்லை. 34 வருடம் அடுத்தவர் சொத்துக்கு நான் பார்த்த தாள்களில் இருந்ததை இருந்தபடி வைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். என் அக்கா விஷயத்தில் மட்டும் மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை. அவள் சொன்னதையும், நான் அதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கஷ்டம், எங்களுக்காகக் கருத்துச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். உள்ளூரில் யாரும் முன்வரவில்லை. அது இயல்புதான். கடைசியில் ஓய்வு பெற்ற நரம்பியல் டாக்டர் ஒருவர் இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தார். பீஸ் வாங்கவில்லை. நோயாளியைப் படுக்கவைத்துக் கழுத்தை மடக்கி, மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா என்று பார்க்க எந்த எந்திரமும் வேண்டாம், திடீரென்று வந்த தலைவலிக்கு அதைப் பார்ப்பது எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

1997இல் உத்தரவு வந்தது. அதில் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருப்பது அதன் சாரம்தான். ஸ்கேன் இல்லாதது டாக்டரின் குற்றம் இல்லை. வியாதி எது என்று அன்றே உறுதியாகச் சொல்லாததும் குற்றம் இல்லை. ஆனால் 'திடீர்' என்று தன் கையாலேயே எழுதியவர், கழுத்தைப் பார்த்ததாக எழுதவில்லை. ஸ்கேன் உள்ள ஊருக்கு அனுப்பவும் இல்லை. தம்பி பழைய தலைவலி என்று சொன்னால், இதுவும் அந்த மாதிரிதானா என்று நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவேண்டிய கடமை டாக்டருடையது.

அதற்கடுத்த கேள்விதான் இந்த மாதிரி வழக்குகளில் பெரிய மேடு. அன்றே மதுரைக்குப் போயிருந்தால் அக்கா நன்றாக இருந்திருப்பாளா? முதல் கசிவிலேயே இறப்பவர்கள் உண்டு. அறுவை சிகிச்சையிலும் ஆபத்து உண்டு. வியாதியை டாக்டர் உண்டாக்கவில்லை. அவர் தவறவிட்டதால் கூடுதலாக நேர்ந்த கேடு எவ்வளவு என்பதற்குத்தான் நஷ்டஈடு. முதல் நாள் அக்கா நடந்து போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் தூக்கிக்கொண்டு போனோம். இந்த வித்தியாசம் எங்களுக்குக் கை கொடுத்தது. சிகிச்சையில் இருந்திருக்கக்கூடிய ஆபத்தைக் கழித்துக்கொண்டு, 1,20,000 ரூபாய் என்று போட்டார்கள். தையல் வருமானத்துக்குக் கடைக்காரர்கள் கொடுத்த சீட்டுகளும் கணக்கில் வந்தன. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 1999இல் அது தள்ளுபடியானது. பணம் இன்ஷூரன்ஸ் மூலம் வந்தது.

வீட்டுக்குள்ளேயே கழிப்பறை கட்டினோம். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்தோம். மீதியைத் தபால் ஆபீசில் போட்டோம். அக்கா 2004 வரை இருந்தாள். அந்த டாக்டரைத் தெருவில் பார்ப்பேன். இரண்டு பேரும் தலையசைத்துக்கொள்வோம்.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அதை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஆட்டோவில் அவள் சொன்னதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை என்பதையும் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது கையால் தண்ணீர்ச் செம்பைக் காட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். கேட்கவேண்டிய கடமை டாக்டருடையது என்று மன்றம் எழுதிவிட்டது. ஆனால் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதை எந்த உத்தரவும் மாற்றாது.

இனி நண்பருடைய கேள்விக்கு வருகிறேன். நிற்குமா என்றால், நிற்கும். 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் போலம் அளவுகோலை உறுதி செய்தது. டாக்டரைக் கிரிமினல் குற்றவாளி ஆக்க மிகப் பெரிய அலட்சியம் வேண்டும் என்றது. நஷ்டஈட்டுக்கு அவ்வளவு வேண்டாம். 2010இல் மலேரியாவை டைஃபாய்டு என்று நினைத்து வைத்தியம் செய்த ஒரு வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று சொன்னது. 2013இல் கொல்கத்தா வழக்கு ஒன்றில் ஏறக்குறைய 6 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. 3,000 ரூபாயில் இருந்து அங்கே வந்து நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் புதுச் சட்டத்திலும் மருத்துவம் சேவைதான். 1995 தீர்ப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஒரு பேச்சு எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே முடித்துவிட்டது.

நடந்தது அல்லது தெரியவந்தது முதல் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். நம் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் இன்றும் கட்டணம் கிடையாது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002 முதல் டாக்டர்களுக்கான விதி. முழு இலவச அரசு ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் வழி இல்லை. சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

வழக்கைவிட முக்கியமானது ஒன்று. நம் வயதுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பக்கத்தில் இருக்கிற மகனோ மருமகளோதான் பேசுகிறார்கள். தலைவலி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். இது வழக்கமான வலி இல்லை என்று நோயாளி சொன்னால், அந்த வார்த்தையை மாற்றாமல் டாக்டர் காதில் போடுங்கள். சீட்டில் அவர் எழுதும்வரை நில்லுங்கள்.

நாளைக் காலை நண்பரைத் தாள்களோடு வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் அட்டை எல்லாம் பெரிய பையில் இருக்கிறதாம். நான் முதலில் பார்க்கப்போவது முதல் நாள் சீட்டைத்தான். எல்லா வரியையும்.